ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும் மென்பொருளுக்குத் தமிழில் கையேடு எழுதுவது எப்படி?

நூலகங்களில் நூல் வழங்கவும் திரும்பப் பெறவும் பயன்படும் கோஹா மென்பொருளை எடுத்துக்கொள்வோம். நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக உருவாக்கப்பட்டு 2000-ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்த இந்தக் கட்டற்ற மென்பொருள், இன்று இந்தியக் கல்லூரி நூலகங்கள் பலவற்றிலும் இயங்குகிறது. ஆண்டுதோறும் மே மாதத்தில் ஒன்றும் நவம்பரில் ஒன்றுமாகப் புதிய பதிப்புகள் வருகின்றன. பதிப்பின் எண்ணே அது வெளியான காலத்தைச் சொல்லிவிடும். 22.11 என்றால் 2022 நவம்பர். அந்தப் பதிப்பில் பணியாளர்கள் பார்க்கும் திரைகளின் தோற்றமே மாறியது. அதற்கு முன் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகளை வைத்திருந்த கையேடுகள் யாவும் திருத்தம் கேட்டு நின்றன.

இத்தகைய மென்பொருளுக்குத் தமிழில் பயனர் கையேடு எழுத முற்படுபவர், முதல் பதிப்பை அழகாக முடிப்பதைவிட, அடுத்த திருத்தத்தை ஒரு பிற்பகலில் முடிக்கும்படி கையேட்டை அமைப்பதிலேயே கவனம் செலுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நல்ல தமிழில் எழுதப்பட்ட கையேடுகள் கைவிடப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் எழுத்தின் குறை அன்று; திருத்துவதற்கு ஆகும் உழைப்பைக் கண்டு அடுத்து வருபவர் மலைத்துப்போவதுதான். ஆகவே, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரெ ஆபிஸ் ரைட்டரையும் சில சிறு கருவிகளையும் கொண்டு, திருத்த எளிதான ஒரு கையேட்டை எழுதும் முறையை இங்கே விளக்குகிறேன். மைக்ரோசாஃப்ட் வேர்டு பயன்படுத்துவோருக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும். பட்டிகளின் பெயர்கள் மட்டும் சற்று மாறும்.

யாருக்காக, எந்த வேலைக்காக

மென்பொருளில் உள்ள பட்டிகளை வரிசையாக எடுத்து ஒவ்வொன்றையும் விளக்கிச் செல்வது கையேடு ஆகாது. நூலகத்தின் வழங்குமேசையில் அமர்ந்திருப்பவர் காலையில் வந்ததும் என்னென்ன வேலைகளைச் செய்கிறார் என்று பாருங்கள்: நூலை வழங்குகிறார், திரும்பப் பெறுகிறார், தவணையை நீட்டிக்கிறார், புதிய உறுப்பினரைச் சேர்க்கிறார், அபராதம் வாங்குகிறார். கையேட்டின் அத்தியாயங்கள் இவைதாம். தலைப்பையும் வேலையின் பெயராலேயே எழுதுங்கள். 'சர்க்குலேஷன் பகுதி' என்ற தலைப்பைவிட 'நூலை வழங்குதல்' என்ற தலைப்பு, உள்ளடக்கப் பட்டியலில் விரலை ஓட்டித் தேடுபவருக்கு உதவும். மென்பொருளை நிறுவுதல், தரவைக் காப்புப்பிரதி எடுத்தல் போன்றவை வேறொருவரின் பொறுப்பு என்பதால் அவற்றைத் தனிக் கையேடாக ஒதுக்கிவிடுவது நல்லது.

ஒரு படியை எழுதும் விதம்

பல கையேடுகளில் இப்படி ஒரு பத்தியைக் காணலாம்: 'உறுப்பினர் அட்டையை ஸ்கேன் செய்து, அதன்பின் நூலின் பார்கோடை ஸ்கேன் செய்தால் நூல் வழங்கப்பட்டுவிடும், ஆனால் நிலுவைத் தொகை வரம்பைத் தாண்டியிருந்தால் வழங்க இயலாது என்பதால் முதலில் அதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.' இதில் உள்ள செய்தி எதுவும் தவறில்லை. ஆயினும், முதலில் செய்ய வேண்டியது கடைசியில் வருகிறது. எதிரில் மாணவர் காத்துக்கொண்டிருக்கையில் இதைப் படிப்பவர், பாதி வேலையை முடித்த பிறகே எச்சரிக்கையைக் காண்கிறார். இதையே இவ்வாறு எழுதலாம்:

1. விசைப்பலகை ஆங்கிலத்தில் இருப்பதை உறுதி செய்துகொள்ளவும்.
2. முகப்புப் பக்கத்தில் 'செக் அவுட்' என்பதைச் சொடுக்கவும். உறுப்பினர் எண்ணுக்கான கட்டத்தில் கர்சர் நிற்கும்.
3. உறுப்பினர் அட்டையை ஸ்கேன் செய்யவும். உறுப்பினரின் பெயரும் அவரிடம் உள்ள நூல்களின் பட்டியலும் தோன்றும். நிலுவை அல்லது தடை பற்றிய செய்தி தெரிந்தால், மேலே தொடராமல் 'நிலுவை உள்ள உறுப்பினர்' பகுதிக்குச் செல்லவும்.
4. நூலின் பார்கோடை ஸ்கேன் செய்யவும். நூலின் பெயர் பட்டியலில் சேரும். திருப்பித் தர வேண்டிய நாள் அதே வரியில் தெரியும்.

ஒரு படியில் ஒரு செயல்தான் இருக்கிறது. அதன் அருகிலேயே திரையில் என்ன தெரிய வேண்டும் என்பதும் இருக்கிறது. இந்த இரண்டாவது வாக்கியத்தைப் பலர் தேவையற்றது என்று நீக்கிவிடுகிறார்கள். ஆனால் தாம் சரியான வழியில்தான் செல்கிறோம் என்று புதியவருக்குத் தெரிவது அதனால்தான். வழிதவறினால் எந்தப் படியில் தவறினோம் என்று அவர் கண்டுகொள்வதும் அதனால்தான்.

முதல் படி பலருக்கு விநோதமாகத் தோன்றலாம். பார்கோடு ஸ்கேனர் கணினிக்கு ஒரு விசைப்பலகையாகவே தெரிகிறது. தான் படித்த எழுத்துகளைத் தட்டச்சு செய்து, பெரும்பாலும் இறுதியில் என்டர் விசையையும் தானே அழுத்திவிடுகிறது. எனவே, முந்தைய உறுப்பினரின் பெயரைத் தமிழில் தட்டிவிட்டு விசைப்பலகையைத் தமிழ் 99-லேயே விட்டிருந்தால், ஸ்கேனர் அனுப்பும் ஆங்கில எழுத்துகளும் தமிழ் எழுத்துகளாகவே கட்டத்தில் விழும். அப்படி ஓர் உறுப்பினரே இல்லை என்று மென்பொருள் சொல்லும். மென்பொருளை உருவாக்கியவர்களின் ஆங்கில ஆவணத்தில் இத்தகைய குறிப்பை எதிர்பார்க்க முடியாது. தமிழில் கையேடு எழுதுபவர் வழங்குமேசை அருகில் அமர்ந்து பார்த்து, தாமே சேர்க்க வேண்டிய குறிப்பு இது. இத்தகைய குறிப்புகளுக்காகத்தான் தமிழ்க் கையேடு தேவைப்படுகிறது. ஆங்கிலக் கையேட்டை அப்படியே மொழிபெயர்த்தால் போதும் என்று நினைப்பவர்களிடம் நான் இதைத் தவறாமல் சொல்வதுண்டு.

திரையில் உள்ள பெயர்களை எழுதும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பொத்தானின் பெயரோடு வேற்றுமை உருபை நேரடியாக ஒட்டாதீர்கள். 'சேமியைச் சொடுக்கவும்' என்று எழுதினால், அடுத்த பதிப்பில் அந்தப் பொத்தான் 'பதிவு' என்று மாறும்போது, தேடி மாற்றும் வசதி 'பதிவைச் சொடுக்கவும்' என்று எழுதாது. அது 'சேமி' என்பதை மட்டும் மாற்றி, 'பதிவுயைச் சொடுக்கவும்' என்று பொருந்தாமல் ஒட்டிவைக்கும். 'சேமி' என்ற பொத்தானைச் சொடுக்கவும் என்று எழுதிவிட்டால், பெயர் மேற்கோளுக்குள் மாறாமல் நிற்கும். உருபும் ஒற்றும் 'பொத்தான்' என்ற சொல்லோடு போய்விடும். மாற்றம் ஒரே சொடுக்கில் முடியும்.

ரைட்டரில் தமிழுக்கான அமைப்பு

எழுதத் தொடங்கும் முன் செய்ய வேண்டிய ஓர் அமைப்பு இருக்கிறது. டூல்ஸ் பட்டியில் ஆப்ஷன்ஸ் என்பதற்குள் மொழிகளுக்கான பகுதிக்குச் சென்று, 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதைத் தேர்ந்து, அதற்கு எதிரே தமிழைத் தெரிவு செய்யுங்கள். ரைட்டர் லத்தீன் எழுத்துகளுக்கு ஓர் எழுத்துருவையும், தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளுக்கு வேறோர் எழுத்துருவையும் தனித்தனியே நினைவில் வைத்துக்கொள்கிறது. இது தெரியாதவர்கள், ஸ்டைலில் (பெயரிட்டுச் சேமித்த வடிவமைப்பில்) எழுத்துருவையும் அளவையும் மாற்றிய பிறகும் தமிழ் மட்டும் மாறாமல் நிற்பதைக் கண்டு குழம்புகிறார்கள். அவர்கள் மாற்றியது ஆங்கிலத்துக்கான பகுதியை. தமிழுக்கு உரியது அதே சாளரத்தில் 'சிடிஎல்' (காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்) என்ற பெயரில் தனியே இருக்கிறது. அங்கே நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற, எந்த இயங்குதளத்திலும் இலவசமாக நிறுவக்கூடிய எழுத்துருவைக் கொடுங்கள். இதைச் செய்யாவிட்டால், அந்த இடத்தில் இயல்பாக அமைந்திருக்கும் எழுத்துருவில் தமிழே இல்லாமல் போகலாம்; அப்போது ஒவ்வொரு கணினியும் தனக்குக் கிடைத்த ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும்; பக்கங்களின் எண்ணிக்கைகூட இடத்துக்கு இடம் மாறும்.

வரி இடைவெளியையும் சற்றுக் கூட்டுங்கள். 'கி', 'கூ' போன்ற எழுத்துகளின் மேல்விலங்கும் கீழ்ச்சுழியும் நெருங்கிய வரிகளில் ஒன்றையொன்று தொடும். விகித இடைவெளியை 120 விழுக்காட்டை ஒட்டி வைத்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

இனி ஸ்டைல்கள். எஃப்11 விசையை அழுத்தினால் ஸ்டைல்களின் பட்டியல் திறக்கும். தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி, அளவைக் கூட்டி, நிறம் தீட்டும் வேலையைக் கையால் செய்யவே கூடாது. கண்ட்ரோலோடு 1-ஐ அழுத்தினால் அத்தியாயத் தலைப்பு, 2-ஐ அழுத்தினால் உள்தலைப்பு. பத்திக்கு ஒரு ஸ்டைல், படிகளுக்கு ஒன்று, எச்சரிக்கைக்கு ஒன்று, பொத்தான் பெயர்களுக்கு ஓர் எழுத்து ஸ்டைல் என்று ஆறேழு போதும். வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டும்போது கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றோடு 'வி' விசையை அழுத்தினால் வெறும் உரை மட்டும் வந்து சேரும். ஏற்கெனவே கலந்துவிட்ட கைவடிவமைப்பை, அந்த இடத்தைத் தேர்ந்து கண்ட்ரோலோடு 'எம்' அழுத்தி நீக்கலாம். தலைப்புகள் ஸ்டைலில் இருந்தால் உள்ளடக்கப் பட்டியல் தானே உருவாகும்; எஃப்5 திறக்கும் நேவிகேட்டரில் ஓர் அத்தியாயத்தை அதன் எல்லாப் பக்கங்களோடும் வேறிடத்துக்கு நகர்த்தவும் முடியும்.

பதிப்பு எண்ணைக் கையேட்டில் பத்து இடங்களில் எழுத நேர்ந்தால், பத்து இடத்திலும் தட்டச்சு செய்யாதீர்கள். கண்ட்ரோலோடு எஃப்2 அழுத்தித் திறக்கும் சாளரத்தில் 'வேரியபிள்ஸ்' பகுதியில் ஒரு பயனர் புலத்தை உருவாக்கி, அதில் எண்ணை ஒருமுறை எழுதி, தேவையான இடங்களில் அந்தப் புலத்தைச் செருகுங்கள். நூலகத்தின் பெயர், உதவிக்கு அழைக்க வேண்டிய உள்தொலைபேசி எண் போன்றவற்றுக்கும் இதுவே தக்க வழி. 'பார்க்க: படம் 4' என்பது போன்ற குறிப்புகளையும் இன்சர்ட் பட்டியின் 'கிராஸ் ரெஃபரன்ஸ்' வழியாகவே சேர்க்க வேண்டும். நடுவில் ஒரு படம் புதிதாக நுழைந்தால், எஃப்9 அழுத்தியதும் எல்லா எண்களும் தாமே சரியாகிவிடும்.

ஸ்கிரீன்ஷாட்டுகள்

திருத்தத்தில் அதிக நேரம் விழுங்குபவை இவைதாம். ஆகவே குறைவாகவே சேருங்கள். வாக்கியத்தால் ஐயமின்றிச் சொல்ல முடிந்த இடத்தில் படம் வேண்டியதில்லை. புதிய திரைக்கு முதன்முறை வரும்போது முழுத்திரையைக் காட்டும் ஒரு படமும், கண்ணில் எளிதில் படாத பொத்தானுக்கு ஒரு சிறு துண்டும் போதும். விண்டோஸில் விண்டோஸ் விசை, ஷிஃப்ட், 'எஸ்' மூன்றையும் சேர்த்து அழுத்தித் தேவையான பகுதியை மட்டும் பிடிக்கலாம். லினக்ஸில் ஃப்ளேம்ஷாட் என்ற கருவி பிடித்த கையோடு அம்புக்குறியும் எண்ணும் இட உதவுகிறது. கோப்பை பிஎன்ஜி வடிவில் சேமியுங்கள். ஜேபெக் வடிவம் ஒளிப்படங்களுக்கானது. திரையின் கூரிய எழுத்துகளைச் சுற்றி அது மங்கலான கறையை உண்டாக்கும்.

படங்களை ஆவணத்துக்குள் புதைக்காமல் இணைப்பாக வைப்பதே என் பரிந்துரை. இன்சர்ட் பட்டியில் படத்தைத் தேர்வு செய்யும் சாளரத்தில் 'லிங்க்' என்ற தெரிவைக் குறியிட்டால், ஆவணம் அந்தக் கோப்பின் இடத்தை மட்டுமே நினைவில் கொள்ளும். கையேட்டின் அருகிலேயே 'படங்கள்' என்ற அடைவை வைத்து, கோப்புகளுக்கு அத்தியாயத்தையும் திரையையும் காட்டும் பெயர்களைச் சூட்டுங்கள். புதிய பதிப்பு வந்ததும் புதிய படத்தை அதே பெயரில், அதே அளவில் அடைவில் போட்டுவிட்டு ஆவணத்தைத் திறந்தால், ஆவணம் கேட்கும்போது இணைப்புகளைப் புதுப்பிக்க இசைவு தந்தால் போதும்.

படத்தில் உண்மையான உறுப்பினர்களின் பெயரோ முகவரியோ இருக்கக் கூடாது. சோதனைத் தளத்தில் கற்பனை உறுப்பினரை உருவாக்கிப் படம் எடுப்பதே சரியான வழி. எடுத்த படத்தில் விவரங்களை மங்கலாக்கி மறைப்பதை நம்பாதீர்கள்; மங்கலாக்கிய எழுத்துகளைச் சில வேளைகளில் மீட்டெடுக்க முடியும். வெட்டி எடுத்த படமும் முழுப் பாதுகாப்பு அன்று: கூகுள் பிக்சல் கைபேசிகளின் படத்திருத்தியும் விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலும், வெட்டி நீக்கிய பகுதியின் தரவைக் கோப்பிலேயே விட்டுவைத்திருந்தன என்பது 2023 மார்ச்சில் வெளிப்பட்டுப் பின்னர் சரிசெய்யப்பட்டது.

பழைய கோப்புகளும் எழுத்துப்பிழைகளும்

அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் தமிழ்க் குறிப்புகள் பாமினி, டாப், டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் இருக்கலாம். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும் அத்தகைய கோப்புகள் எங்கும் நிறைந்திருக்கின்றன. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவிகள் அவற்றை மாற்றித் தரும். பாமினிக் கோப்பில் ஒரு தனி இடர் உண்டு: அதில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே உட்கார்ந்திருப்பதால், பத்தியின் நடுவே உண்மையாகவே ஆங்கிலத்தில் இருக்கும் சொற்களையும் கருவி தமிழென்று கருதி உருத்தெரியாமல் ஆக்கிவிடும். ஆங்கிலம் கலந்த பத்திகளைத் தனியே எடுத்து, துண்டு துண்டாக மாற்றுவதே வழி.

மெய்ப்பு பார்க்கையில் 'கௌ', 'சௌ' வரிசையை மறவாதீர்கள். 'சௌகரியம்' என்பதை ஒற்றைக்கொம்பும் சகரமும் ளகரமுமாகத் தட்டி 'செளகரியம்' என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் கணினிக்கு இவை வேறு சொற்கள் என்பதால், தேடுபவருக்குப் பாதி இடங்கள் அகப்படாமல் போகும். 'ஔ' என்பதை 'ஒள' என்று எழுதுவதும் அப்படியே. ஆனால் இவற்றை ஒட்டுமொத்தமாக மாற்றிவிட ஆணையிடக் கூடாது; 'வெள்ளி', 'தெளிவு', 'ஒளி' ஆகிய சொற்களும் அந்த வலையில் சிக்கிச் சிதைந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்ற வேண்டும்.

வெறும் உரையில் எழுதுதல்

பலர் சேர்ந்து எழுதும் கையேட்டுக்கு மார்க்டவுன் என்னும் எளிய குறியீட்டு முறை தகுதியானது. ஜான் க்ரூபர் 2004-இல் வெளியிட்ட இந்த முறையில், தலைப்புக்கு முன் ஒரு கட்டக்குறி (#), பட்டியலுக்கு ஒரு சிறுகோடு என்பதற்குமேல் கற்க அதிகம் இல்லை. வெறும் உரை என்பதால், கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் வைத்து, யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்று காணலாம். ரைட்டரின் ஓடிடி கோப்பு உண்மையில் சுருக்கிக் கட்டிய ஒரு தொகுப்பு. அதன் வரி மாற்றங்களை கிட் காட்டாது. மார்க்டவுனில் எழுதும்போது ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று வைத்துக்கொண்டால் மாற்றங்கள் தெளிவாகத் தெரியும். எழுதியதை பேண்டாக் என்ற கருவி ஓடிடி, வேர்டு, எச்டிஎம்எல் ஆகிய வடிவங்களுக்கு மாற்றித் தரும். நீங்கள் ஸ்டைல் அமைத்த மாதிரிக் கோப்பைக் கொடுத்தால் அதே தோற்றத்தையும் கொண்டுவரும். லாடெக் என்ற அச்சுக்கோப்புக் கருவி வழியாக நேரே பிடிஎஃப் எடுப்பதாயின், அதன் வகைகளான ஸீலாடெக் அல்லது லுவாலாடெக்கைத் தெரிவு செய்து தமிழ் எழுத்துருவையும் குறிப்பிட வேண்டும். இயல்பான பிடிஎஃப்லாடெக்கில் தமிழ் வராது. தனியாக எழுதுபவருக்கு இவ்வளவும் தேவையில்லை, ரைட்டரே போதும்.

வெளியிடுதலும் அடுத்த திருத்தமும்

வெளியிடும் முன், கோஹாவை அறியாத ஒருவரை வழங்குமேசையில் அமர்த்தி, கையேட்டை மட்டும் கையில் கொடுத்து ஒரு நூலை வழங்கச் சொல்லுங்கள். அருகில் இருந்து பாருங்கள், வாய் திறக்காதீர்கள். அவர் எந்தப் படியில் நின்று பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறாரோ அந்தப் படியைத் திருத்தி எழுத வேண்டும். அவர் கேட்கும் கேள்விகள் ஒவ்வொன்றும் கையேட்டில் சேர வேண்டிய வாக்கியங்கள்.

பிடிஎஃப் ஏற்றுமதியின்போது தலைப்புகளை அடையாளக்குறிகளாகச் சேர்க்கும் தெரிவையும், திரைவாசிப்பான்களுக்கு உதவும் 'டேக்டு பிடிஎஃப்' தெரிவையும் இயக்குங்கள். 'ஹைப்ரிட் பிடிஎஃப்' என்ற தெரிவு, மூலக் கோப்பையும் பிடிஎஃப்புக்குள்ளேயே வைத்துவிடுகிறது. நீங்கள் பணி மாறிச் சென்ற பிறகு வருபவரிடம் பிடிஎஃப் மட்டுமே இருந்தாலும், அவர் அதை ரைட்டரில் திறந்து திருத்தலாம். படங்களின் இணைப்புகளை மட்டும் ஏற்றுமதிக்கு முன், வெளியீட்டுக்கான பிரதியில் துண்டித்துவிடுங்கள். அப்போதுதான் படங்களும் கோப்புக்குள் வந்து சேரும். முடிவில் பிடிஎஃப்பைத் திறந்து 'தொகுப்பு', 'கோப்பு' போன்ற ஒகர, ஓகாரச் சொற்களைத் தேடிப் பாருங்கள். அகப்படவில்லை என்றால் எச்டிஎம்எல் வடிவத்தையும் சேர்த்தே வெளியிடுவது நல்லது.

அடுத்த மே மாதமோ நவம்பரோ வந்து, உங்கள் நூலகம் புதிய பதிப்புக்கு மாறும்போது, பதிப்போடு வரும் மாற்றக் குறிப்புகளில் வழங்குதல் பற்றியவற்றை முதலில் படியுங்கள். பிறகு சோதனைத் தளத்தில் கையேட்டின் படிகளை ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். மாறிய திரைகளுக்கு அதே பெயரில் புதிய படங்களை அடைவில் வைத்து, பயனர் புலத்தில் பதிப்பு எண்ணை மாற்றி, எஃப்9 அழுத்துங்கள். பழைய பிடிஎஃப்பை அழிக்காமல் பதிப்பு எண்ணோடு தனி அடைவில் சேமித்து, வழங்குமேசையில் ஒட்டியிருக்கும் அச்சுப் பிரதியை அன்றே எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள்.